மரை கழன்றால் என்ன செய்வது? வீட்டு டம்பெல்லைப் பேணும் வழிமுறைகள்

உடலைப் பேண வேண்டும் என்று சொல்லாதவர் எவருமில்லை. ஆனால், உடலைப் பேணுவதற்காக வாங்கிய கருவியைப் பேணுவது யார்? நம்மில் பலர் வீட்டில் 'டம்பெல்' வைத்திருக்கிறோம். தட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் எடையை மாற்றிக்கொள்ளும் வகைதான் பெரும்பாலும் நம் வீடுகளில் இருக்கிறது. ஒரே பொருளில் பல எடைகள் கிடைக்கின்றன. இடமும் மிச்சம், காசும் மிச்சம். ஆனால், கழன்று மாட்டக்கூடிய எந்தப் பொருளும் கழன்று விழவும் கூடும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதே.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது உடற்பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டன. வீட்டிலேயே பயிற்சி செய்வோம் என்று பலரும் டம்பெல் வாங்கினார்கள். அவற்றுள் பல இன்று பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் துருவேறிக் கிடக்கின்றன. அல்லது கை மாறி, விடுதி அறைகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கிள்ளானில் எங்கள் வீட்டில் இருப்பதும் அப்படிக் கை மாறி வந்ததுதான். 120 வெள்ளிக்கு வாங்கிய அந்த 20 கிலோ தொகுப்பை நானும், படிவம் 4 படிக்கும் என் தம்பியும், தோள்பட்டை வலிக்குச் சிகிச்சை பெறும் அப்பாவும் பயன்படுத்துகிறோம். மூவர் கைபடும் பொருள் என்பதால் அதைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்படிக் கவனித்ததில் தெரிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் இவ்வளவு அக்கறை?

என் விடுதித் தோழர் ஒருவர் கடந்த ஆண்டு தலைக்கு மேல் டம்பெல்லைத் தூக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது ஒரு பக்கத்து நட்டு கழன்று, இரண்டரை கிலோ தட்டு ஒன்று அவர் காலில் விழுந்தது. பெருவிரல் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். காலில் விழுந்ததால் பெருவிரலோடு போயிற்று. அதே தட்டு படுத்துக்கொண்டு பயிற்சி செய்பவரின் முகத்தில் விழுந்திருந்தால்?

இடைநிலைப்பள்ளியில் படித்த இயற்பியலைக் கொஞ்சம் நினைவுகூர்வோம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அதாவது, அவசரமாக மிதிவண்டி ஓட்டுபவரின் வேகம். அந்த வேகத்தில் இரண்டரை கிலோ இரும்பு விரலில் மோதுகிறது. இதைத் தடுப்பதற்கு ஆகும் நேரமோ வெறும் பத்து விநாடிதான். ஆகவே, டம்பெல்லைப் பராமரிப்பது காசைக் காப்பாற்றுவதற்கு மட்டுமன்று. காலையும் தலையையும் காப்பாற்றுவதற்கும்தான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

பழுதைக் கண்டறியும் முன் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீடுகளில் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு வகை.

முதல் வகை, நட்டு வகை. ஓர் இரும்புத் தண்டு. அதன் இரு முனைகளிலும் மரை வெட்டப்பட்டிருக்கும். தட்டுகளைக் கோத்து, நட்சத்திர வடிவ நட்டைத் திருகி இறுக்க வேண்டும். விலை குறைவு, அமைப்பு எளிது.

இரண்டாவது, 'டயல்' வகை. டம்பெல் ஒரு தாங்கியில் அமர்ந்திருக்கும். எண் பொறித்த வட்டைத் திருகி 5 கிலோ, 10 கிலோ என்று தேர்ந்தெடுத்துத் தூக்கினால் அந்த எடைக்குரிய தட்டுகள் மட்டும் கைப்பிடியோடு வரும். மற்றவை தாங்கியிலேயே நின்றுவிடும். விலை அதிகம், உள்ளமைப்பு நுட்பமானது.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன என்னைப் போன்றவர்களுக்குக் கருவிகளின் உறுப்புகளுக்கு மலாய்ச் சொல் தெரியும், ஆங்கிலச் சொல் தெரியும். தமிழ்ச் சொல் வராது. திருகாணியில் சுற்றிச் சுற்றிப் போகும் அந்த வரிப்பள்ளத்திற்கு 'மரை' என்று பெயர். இதை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. எங்கள் தாமானில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் அங்கிள் ஒருவர் என் தண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மரை நல்லாத்தான் இருக்கு தம்பி, அழுக்குதான் ஏறியிருக்கு" என்றார். 'அவனுக்கு மரை கழன்றுவிட்டது' என்று கேலி பேசுகிறோமே, அந்த மரைதான் இது! பட்டறையில் உயிரோடு இருக்கும் சொல்லைப் பல்கலைக்கழகத்திலும் நாம் புழங்கலாமே.

நட்டு வகை: நட்டு ஏன் தளர்கிறது?

இறுக்கித்தானே வைத்தோம், எப்படித் தளர்ந்தது என்று பலர் வியப்பதுண்டு. காரணம் எளிது. தண்டின் இரு முனைகளிலும் மரை ஒரே போக்கில் வெட்டப்பட்டிருக்கும். எந்த முனையிலும் முனைக்கு நேரே நின்று பார்த்து வலஞ்சுழியாகத் திருகினால் நட்டு இறுகும். இடஞ்சுழியாகத் திருகினால் தளரும். இப்போது பயிற்சியின்போது தட்டுகள் சக்கரம் போலக் கொஞ்சம் முன்னோக்கிச் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் நின்று பார்ப்பவருக்கு அது வலஞ்சுழி. இடப்பக்கம் நின்று பார்ப்பவருக்கு அதே சுழற்சி இடஞ்சுழி. ஆக, தட்டு உரசி இழுக்கும்போது ஒரு பக்க நட்டு இறுகுகிறது, மறுபக்க நட்டு தளர்கிறது. கையைத் திருப்பும்போது இது மாறி நடக்கிறது. மிதிவண்டி செய்பவர்கள் இதை அறிந்துதான் இடப்பக்க மிதிகட்டைக்கு மட்டும் எதிர்ப்போக்கில் மரை வெட்டுகிறார்கள். டம்பெல்லில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. ஆகவே, ஒருமுறை இறுக்கிவிட்டால் போதும் என்பது நடவாது. ஒவ்வொரு சுற்றுப் பயிற்சிக்கும் முன்னால் இரு நட்டுகளையும் கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

அப்படிச் செய்தும் நட்டு அடிக்கடி தளர்ந்தால் கீழ்க்காண்பவற்றை வரிசையாகச் சோதியுங்கள்.

1. இரப்பர் வளையம் இருக்கிறதா? நட்டின் உட்பக்கம் ஓர் இரப்பர் வளையம் இருக்கும். அதுதான் தட்டை அழுத்திப் பிடித்து நட்டு சுழலாமல் தடுக்கிறது. நம் வெப்பத்தில் அது சில ஆண்டுகளில் காய்ந்து வெடித்துவிடும். நட்டின் உள்விட்டத்தை அளந்துகொண்டு குழாய்ச் சாமான் விற்கும் கடைக்குப் போனால் அதே அளவு வளையம் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

2. மரையில் அழுக்கோ துருவோ இருக்கிறதா? பழைய பல்துலக்கியால் வறட்டுத் தேய்ப்பு தேய்த்து, பிறகு துணியால் துடையுங்கள். மரைக்கு எண்ணெய் விட்டால் நட்டு சுலபமாக ஓடும். அதே சுலபத்தோடு கழலவும் செய்யும். துருப்பிடிக்காமலிருக்கத் தையல் இயந்திர எண்ணெயை ஒரு சொட்டு தடவினாலும், பயிற்சிக்கு முன் துணியால் நன்கு துடைத்துவிடுங்கள்.

3. தட்டின் துளை தண்டுக்குப் பொருந்துகிறதா? இது கை மாறி வாங்கும் தட்டுகளில் அதிகம் வரும் சிக்கல். சாதாரணத் தண்டுகள் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் தடிமன். சில 28 அல்லது 30 மில்லிமீட்டர். பெரிய பளுதூக்குத் தண்டுக்குரிய தட்டின் துளை 50 மில்லிமீட்டர். தண்டைவிடத் துளை பெரிதாக இருந்தால் தட்டு ஆடும்; ஆடினால் நட்டை அசைத்துக்கொண்டே இருக்கும். தட்டு வாங்கும் முன் அளவுகோலை எடுத்துப் போங்கள்.

4. தட்டுகளை அளவுக்கு மீறி அடுக்கியிருக்கிறீர்களா? நட்டை இறுக்கிய பிறகு தண்டின் முனை நட்டின் வெளிமுகத்தைத் தொட்டிருக்க வேண்டும். சற்று வெளியே தெரிந்தால் இன்னும் நல்லது. முனை நட்டுக்குள்ளேயே புதைந்திருந்தால் பாதி மரைதான் எடையைத் தாங்குகிறது என்று பொருள். ஒரு தட்டைக் குறைத்துவிடுங்கள்.

5. மரை தேய்ந்துவிட்டதா? தட்டில்லாமல் வெறும் நட்டை மட்டும் பாதி தூரம் ஏற்றி, திருகாமல் நேராக இழுத்துப் பாருங்கள். 'லொடலொட'வென்று ஆடினால், அல்லது இறுக்கும்போது வழுக்கிக்கொண்டு சுற்றினால், மரை தேய்ந்துவிட்டது. இதற்குப் பசையும் ஒட்டுநாடாவும் மருந்தல்ல. முதலில் வேறு நட்டை மாற்றிப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் தண்டையே மாற்ற வேண்டும்.

நட்டு ஏறவே மறுத்தால் வலிந்து திருகாதீர்கள். நட்டை மரையின் வாயில் வைத்து முதலில் எதிர்ப்போக்கில் மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு சிறு இறக்கம் கைக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து வலஞ்சுழியாகத் திருகினால் வாய் மாறாமல் நேராக ஏறும். வாய் மாறிய நிலையில் அழுத்தித் திருகுவதுதான் நல்ல மரையையும் கெடுத்துவிடுகிறது.

டயல் வகை: வலிமை காட்டும் இடமன்று

டயல் வகையின் கைப்பிடிக்குள் வட்டமான தகடுகள் இருக்கும். எண்ணைத் திருகும்போது அத்தகடுகள் சுழன்று, வேண்டிய தட்டுகளின் காதுகளை மட்டும் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். டம்பெல் தாங்கியில் முழுமையாக அமர்ந்திருக்கும்போது மட்டுமே டயல் திரும்பும், தூக்கியதும் பூட்டிக்கொள்ளும். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பெரும்பாலான பழுதுகளின் காரணம் தானே விளங்கும்.

டயல் திரும்பவில்லை என்றால், முதலில் டம்பெல்லைத் தாங்கியில் நன்றாக அழுத்தி அமர்த்துங்கள். ஒரு பக்கம் சற்று எழும்பியிருந்தாலும் பூட்டு விடுபடாது. அப்போதும் திரும்பாவிட்டால் தட்டுகளை எடுத்துவிட்டுத் தாங்கியின் உட்புறத்தைப் பாருங்கள். தூசு, முடி, காய்ந்த வியர்வை, சில வேளை ஐந்து சென் நாணயம்கூடக் கிடக்கும். வறண்ட தூரிகையால் துடைத்தெடுங்கள். குறடு வைத்துத் திருகுவது கூடவே கூடாது; உள்ளே இருப்பவற்றுள் பல நெகிழிப் பற்கள்.

தூக்கும்போது ஒரு தட்டு வராமல் நின்றுவிட்டால், டயல் இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் டயல் உள்ள வகைகளில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும்.

பயிற்சி முடிந்து திரும்ப வைக்கும்போது தாங்கிக்குள் இறங்கவில்லை என்றால், தாங்கியில் நின்ற தட்டுகள் சாய்ந்திருக்கலாம், அல்லது வரிசை மாறியிருக்கலாம். அவற்றை நேராக நிறுத்தி, எடுத்தபோது இருந்த அதே எண்ணில் இறக்குங்கள். தாங்கி சமதளத்தில் இருக்க வேண்டும். மெத்தை மேலோ மடித்த பாய் மேலோ வைத்தால் தாங்கி வளையும், தட்டுகள் கோணலாகும்.

டயல் வகையின் உட்பகுதிக்குச் சமையல் எண்ணெயோ பிசுக்கான 'கிரீஸோ' வேண்டா. தூசு ஒட்டிச் சேறாகிவிடும். தயாரிப்பாளரின் கையேடு உயவு போடச் சொல்லியிருந்தால் மட்டும் வறண்டு போகும் 'சிலிக்கோன்' தெளிப்பைச் சிறிதளவு பயன்படுத்தலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: எடையைத் தேர்ந்தெடுத்ததும் நேரே தோளுக்குக் கொண்டுபோகாதீர்கள். தாங்கிக்கு மேல் ஒரு சாண் மட்டும் தூக்கி, இரு பக்கத் தட்டுகளையும் பார்த்து, மெல்ல ஆட்டி, சற்றுச் சாய்த்துப் பாருங்கள். எதுவும் நழுவவில்லை என்றால் மட்டும் மேலே தூக்குங்கள். நான் முன்பு சொன்ன பத்து விநாடி இதுதான்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் 'போஃப்ளெக்ஸ்' 552, 1090 ஆகிய இரு வகை டம்பெல்கள், ஏறத்தாழ 38 இலட்சம், திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பயன்படுத்தும்போதே தட்டுகள் கைப்பிடியிலிருந்து கழன்று விழக்கூடும் என்பதே காரணம். 100க்கும் மேற்பட்ட காயங்கள் பதிவாகியிருந்தன. கை மாறி வரும் பொருளோடு இத்தகைய அறிவிப்பு சேர்ந்து வராது. எனவே, எந்த டயல் வகையை வாங்கினாலும் அதன் பெயரையும் வகை எண்ணையும் குறித்துக்கொண்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் உண்டா என்று தேடிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

துரு: நம் நாட்டுக்கே உரிய எதிரி

நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் உயிர்வளியும் போதும். வியர்வையிலுள்ள உப்பு அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. ஆகவே, பயிற்சி முடிந்ததும் வறண்ட துணியால் கைப்பிடியைத் துடைப்பதே முதல் மருந்து. குளியலறைச் சுவரை ஒட்டியோ, மழைச்சாரல் அடிக்கும் பின்கட்டிலோ வைக்காதீர்கள். வெறும் சிமெண்டுத் தரையிலும் வேண்டா. ஒரு பலகையோ இரப்பர் விரிப்போ போட்டு அதன்மேல் வையுங்கள்.

துரு ஏற்கெனவே பிடித்திருந்தால்:

பூச்சு இல்லாத வார்ப்பிரும்புத் தட்டாக இருந்தால், கம்பித் தூரிகையால் உதிரும் துருவைத் தேயுங்கள். பிறகு வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் தேய்த்துக் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் அலசினால் எஞ்சிய புளிப்புத் தன்மை போகும். உடனே துடைத்து வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு விட்டால் ஒரு மணி நேரத்திலேயே மீண்டும் துரு படரும். நன்கு காய்ந்ததும் மெல்லிய எண்ணெய் தடவலாம், அல்லது துருத்தடுப்புச் சாயம் பூசலாம். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். வினிகரோடு வெளுப்பு நீரை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சான குளோரின் வாயு வெளிப்படும்.

பளபளக்கும் 'குரோம்' பூசிய கைப்பிடியை வினிகரில் ஊறப்போடாதீர்கள். அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் மேலோட்டமான துரு போய்விடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழுவதும் அரிது. கைப்பிடியில் எண்ணெய் தடவவே கூடாது. வியர்த்த கையில் வழுக்கும்.

நெகிழி உறை போட்டு உள்ளே சிமெண்டு நிரப்பிய தட்டுகளும் உண்டு. உறை வெடித்து மணல் கொட்டத் தொடங்கினால் சிறிது காலம் ஒட்டுநாடா சுற்றலாம். ஆனால், கொட்டக் கொட்ட எடை குறையும்; இரு பக்கமும் சமமாக இராது. துளையைச் சுற்றி வெடித்திருந்தால் அத்தட்டை ஒதுக்கிவிடுங்கள்.

எடையைச் சரிபாருங்கள்

தட்டில் பொறித்திருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, உண்மை எடையைச் சாயப் பேனாவால் எழுதிவையுங்கள். ஏறக்குறைய ஒத்த எடையுள்ளவற்றை இணையாக்கி இரு பக்கமும் போடுங்கள்.

தண்டுக்கும் எடை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் தண்டு 2 கிலோ. இரண்டு நட்டும் சேர்ந்து அரை கிலோ. பக்கத்துக்கு ஒரு இரண்டரை கிலோ தட்டு போட்டால் மொத்தம் 5 கிலோ என்று தம்பி எண்ணிக்கொண்டிருந்தான். உண்மையில் அது ஏழரை கிலோ.

இது அப்பாவின் சிகிச்சையில் பெரிதும் உதவியது. லாரி ஓட்டி ஓட்டித் தோள் இறுகிப்போன அவரை, 1 கிலோவில் தொடங்கும்படி பிசியோதெரபி பிரிவில் சொல்லியிருந்தார்கள். "தட்டே போடலையே, வெறுங்கம்பிதானே" என்று அவர் தண்டை எடுத்தார். நிறுத்துக் காட்டினேன். வெறுங்கம்பியே நட்டோடு இரண்டரை கிலோ, சொன்னதைப்போல இரண்டரை மடங்கு! தண்டின் எடைக்குக் கீழே எந்த டம்பெல்லையும் குறைக்க முடியாது. எனவே, ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய போத்தலைக் கொடுத்தேன். அது ஏறத்தாழ 1 கிலோ. முதல் மாதம் முழுவதும் அப்பா அதைத்தான் தூக்கினார். இப்போது தோள் உயரத்திற்குக் கையைத் தூக்கிச் சட்டை மாட்டிக்கொள்கிறார்.

எப்போது கைவிட வேண்டும்?

எல்லாப் பழுதையும் சரிசெய்ய முடியாது, சரிசெய்யவும் கூடாது. தண்டு வளைந்திருந்தால், பற்றவைப்பில் வெடிப்புத் தெரிந்தால், மரை வழுக்கினால், டயலின் நெகிழிப் பகுதியில் கீறல் விழுந்திருந்தால், தூக்கிய பிறகும் டயல் தானே திரும்பினால், அந்தப் பொருளை யாருக்கும் விற்காதீர்கள், இலவசமாகவும் கொடுக்காதீர்கள். நல்ல தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு, மற்றதைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் போட்டுவிடுங்கள்.

நினைவில் கொள்ள ஒரு கால அட்டவணை

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்: நட்டை இறுக்குக, அல்லது தாங்கிக்கு மேல் ஒரு சாண் தூக்கிச் சோதிக்க.

ஒவ்வொரு நாளும்: வியர்வையைத் துடைக்க, சிறுபிள்ளைகளின் கைக்கும் காலுக்கும் எட்டாத இடத்தில், தரையோடு வைக்க. மேசை மேலோ அலமாரி மேலோ வைக்க வேண்டா.

ஒவ்வொரு மாதமும்: முழுவதும் கழற்றி மரை, இரப்பர் வளையம், தாங்கி ஆகியவற்றைத் துலக்குக.

ஒவ்வோர் ஆண்டும்: தட்டுகளை மீண்டும் நிறுத்துப் பார்க்க, இரப்பர் வளையத்தை மாற்றுக.

அன்பு நண்பர்களே, தரையில் ஓங்கிப் போடாமலும் ஒன்றோடொன்று மோதாமலும் புழங்கினால் ஓர் இரும்பு டம்பெல் நம் பிள்ளைகள் காலம்வரைகூட உழைக்கும். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அந்தத் தொகுப்பை வெளியே இழுத்து, இரு நட்டுகளையும் ஒருமுறை திருகிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். பக்கத்து அறை நண்பரிடமும் சொல்லுங்கள். அப்படியே 'மரை' என்ற சொல்லையும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கருவியும் காக்கப்படும், மொழியும் புழக்கத்தில் இருக்கும்.